ஆறு அறுபதாகும் கணவாய்

நவம்பர் முடிவதற்குள் ஜப்பானின் 252-ஆம் நெடுஞ்சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில், தடுப்பை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி திறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். அதுவரை ஃபுகுஷிமா மாகாணத்தின் தடாமி என்ற மலையூரிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் நீகாட்டா மாகாணத்தில் இருக்கும் கொய்தேவுக்குக் காரில் போக நேர்வழி கிடையாது. அந்தக் கணவாயின் பெயர் ரொகுஜூரிகோயே. அறுபது ரி தாண்டும் வழி என்று பொருள். ரி என்பது நம்முடைய காதம் போல அவர்களுடைய பழைய தூர அளவு; நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலைவழி உண்மையில் ஆறு ரிதானாம். ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு ரியும் பத்தாகத் தெரிந்ததால் அறுபது என்று பெயர் வைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்துச் சொல். பக்கத்திலேயே இன்னொரு கணவாய் இருக்கிறது. அதன் பெயர் எண்பது ரி.

பனிக்காலம் தோறும் பூட்டப்படும் இந்தச் சாலைதான் ஒரு ரயில்பாதையைச் சாகாமல் காப்பாற்றியது. ஐசு-வகாமட்சு நகரத்திலிருந்து தடாமி வழியாகக் கொய்தே வரை போகும் தடாமி பாதை அது. நீளம் 135.2 கிலோமீட்டர், நிலையங்கள் 36. ஒற்றைத் தடம், மின்சாரம் இல்லை, டீசல் வண்டி. ஒன்றிரண்டு பெட்டிகள்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும் புல்லட் ரயிலின் நாடு இது என்பதை மறந்துவிட்டுத்தான் இந்த வண்டியில் ஏற வேண்டும்.

தமிழில் நமக்குப் பனி என்ற ஒரே சொல். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, வயலை மூடும் புகைமூட்டமும் பனி, இமயமலையில் உறைந்து கிடப்பதும் பனி. தடாமியில் கொட்டுவது வேறு ரகம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, முதலில் எதிர்ப்படும் இந்த மலைகளில் மோதி இறக்கிவிடுகிறது. இறங்குவது பஞ்சு போல உதிரும் உலர்ந்த பனி அல்ல. தண்ணீர் நிறைந்த கனத்த பனி. ஒரே இரவில் முழங்கால் அளவுக்கு விழும். பிப்ரவரியில் தரையில் மூன்று மீட்டர் வரை நிற்கும். கூரையில் தேங்கினால் வீடு தாங்காது என்பதால் ஏணி வைத்து ஏறி மண்வெட்டியால் தள்ளி இறக்க வேண்டும். யூக்கி-ஒரோஷி என்று இதற்குத் தனிச் சொல் இருக்கிறது. ஒரு பனிக்காலத்தில் ஒருமுறை செய்தால் போதாது. இறக்கிய பனி சன்னலுக்கு மேலே குவிந்து, வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

ரயில் வருவதற்கு முன்பு இங்கே பனிக்காலம் என்றால் அடைபட்ட காலம். அடைபட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. மிஷிமா ஊரில் மலைத்திராட்சைக் கொடியின் பட்டையை உரித்து, பதப்படுத்திக் கூடை பின்னினார்கள். மததாபி என்ற கொடியைக் கீறி அரிசி களையும் தட்டு முடைந்தார்கள். காட்டுக் கோரையை முறுக்கித் தோளில் மாட்டும் பை செய்தார்கள். எல்லாம் அவரவர் வீட்டுப் புழக்கத்துக்கு. கை வேலையில் தேர்ந்த இன்னொரு கூட்டம், பனி இறங்குமுன் மலையை விட்டு இறங்கி, டோக்கியோவைச் சுற்றியுள்ள சமவெளிகளில் கூரை வேய்ந்து கூலி சேர்த்துக்கொண்டு வசந்தத்தில் திரும்பியது. ஐசு என்ற இந்தப் பகுதியின் கூரைக்காரர் என்றால் அந்தச் சமவெளிகளில் பெயர் பெற்றவர்கள்.

கணவாய் எவ்வளவு கொடியது என்பதற்கு ஜப்பானிய வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1868-இல் நடந்த போஷின் உள்நாட்டுப் போரில் நாகஓகா சிற்றரசின் படையை நடத்திய கவாய் ட்சுகுனோசுகே, காலில் குண்டடி பட்டு, எண்பது ரிக் கணவாய் வழியாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். போய்ச் சேர நினைத்தது ஐசுக் கோட்டைக்கு. மலையைத் தாண்டித் தடாமியின் ஷியோசாவா கிராமத்துக்கு வந்து சேர்ந்ததோடு உயிர் போய்விட்டது. அந்தக் கிராமத்தில் அவருக்கு ஒரு நினைவகம் இருக்கிறது. ஐசு-ஷியோசாவா என்று ரயில் நிலையமும் இருக்கிறது. இன்று வண்டி அங்கே நின்று கிளம்ப ஒரு நிமிடம் கூட ஆவதில்லை.

பாதை ஒரே மூச்சில் வரவில்லை. 1926-இல் ஐசு-வகாமட்சுவிலிருந்து பாங்கே வரை. 1928-இல் யானாய்ட்சு வரை. என்சோஜி கோவில் மலைப்பாறை மேல் நிற்கும் ஊர் அது, தலையாட்டும் சிவப்பு மாட்டுப் பொம்மையின் பிறந்த ஊர் என்றும் சொல்லிக்கொள்கிறது. 1941-இல் மியாஷிதா வரை. அப்போது கட்டியதுதான் தடாமி ஆற்றின் முதல் பாலம். இன்று உலகமெங்கும் நாள்காட்டிகளில் தொங்கும் அந்த எஃகு வளைவு. எதிர்ப்பக்கம் கொய்தேயிலிருந்து 1942-இல் ஓஷிரகாவா வரை ஒரு துண்டு போட்டு, அதற்குத் தடாமி பாதை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தடாமியை எட்டாமலே 29 ஆண்டுகள் அந்தப் பெயரோடு அது ஓடியது. பெயர் வைத்தவர்களின் நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

நடுவில் கிடந்த இடைவெளியை நிரப்பியது மனிதர்களின் தேவை அல்ல. சிமெண்ட்டின் தேவை.

போரில் தோற்ற ஜப்பானுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. செங்குத்தான பள்ளத்தாக்கு, உருகி ஓடக் காத்திருக்கும் மலைமலையான பனி. தடாமி ஆற்றைப் போல அணைக்கு ஏற்ற ஆறு நாட்டில் அதிகம் கிடையாது. 1952-இல் அரசு தொடங்கிய மின்வளர்ச்சி நிறுவனம், தடாமிக்கு மேலே தகோகுரா என்ற இடத்தில் 145 மீட்டர் உயர அணையைக் கட்ட இறங்கியது. மலைக்குள் சிமெண்ட்டையும் இரும்பையும் கொண்டுபோகச் சாலை போதாது. அரசு ரயில்வே 1956-இல் கவாகுச்சி வரை வந்திருந்தது. அங்கிருந்து தடாமி வரையான 27.6 கிலோமீட்டரை அந்த நிறுவனமே தன் சரக்குக்காகப் போட்டுக்கொண்டது, 1957-இல் முடித்தது. ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி ஏறும் பாதையாக அது மாறியது 1963-இல்தான்.

அந்த ஆறேழு வருடம் தடாமி பார்த்த கூட்டத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். கடைத்தெரு வந்தது. பக்கத்துக் கனெயாமாவில் மட்டும் 1960 வாக்கில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். மறுபக்கம், தகோகுரா கிராமத்தின் 50 வீடுகள் நீருக்குள் போயின. ஈட்டுத்தொகை பற்றிய பேச்சு வருடக்கணக்கில் இழுத்து, நாடே கவனித்த வழக்காக மாறியது. பரம்பரை வயலையும் கல்லறையையும் விட்டு வெளியேறிய அந்தக் குடும்பங்களின் துயரம், டோக்கியோ வீடுகளில் எரிந்த விளக்குக்குக் கீழே இருந்த இருட்டு. அந்த அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு தலைநகரத்துக்குத்தான் போனது. ஃபுகுஷிமாவின் கடற்கரையில் அணு உலைகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதே மாகாணத்தின் மலைக்கோடி இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

1971 ஆகஸ்ட் 29 அன்று கடைசித் துண்டும் சேர்ந்தது. தடாமிக்கும் ஓஷிரகாவாவுக்கும் நடுவே 20.8 கிலோமீட்டர்; அதில் 6,359 மீட்டர் மலைக்குள்ளேயே போகும் ரொகுஜூரிகோயே சுரங்கம். ஆறை அறுபதாக்கிய மலையை வண்டி சில நிமிடங்களில் தாண்டியது. முழுப் பாதைக்கும் அன்றைக்குத்தான் தடாமி என்ற ஒரே பெயர் வந்தது.

ஆனால் வந்த நேரம் தவறிவிட்டது. அணை முடிந்து கூலியாட்கள் போய்விட்டிருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் பொருளாதாரம் பாய்ந்து வளர்ந்த அந்த ஆண்டுகளில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கூட்டமாக ரயிலேறி டோக்கியோ தொழிற்சாலைகளுக்குப் போவது வடக்கு ஜப்பான் கிராமங்கள் எல்லாவற்றிலும் இருந்த வழக்கம். அப்பாமார்கள் அறுவடை முடிந்து, பனி விழுமுன் நகரத்துக் கட்டட வேலைக்குக் கிளம்பி, நாற்று நடும் காலத்துக்குத் திரும்புவார்கள். நீண்ட பனிக்காலத்தை அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் குழந்தைகளுமாகத் தாங்கினார்கள். கூரைப்பனியை இறக்கியது அவர்கள்தான். ஊருக்கு உலகத்தைக் கொண்டுவரும் என்று காத்திருந்த ரயில், ஊரை உலகத்துக்குக் கொண்டுபோனது. தண்டவாளத்தின் மேல் குற்றமில்லை. அது இரண்டு பக்கமும்தான் ஓடியது.

இந்த நிலையில்தான் 1980-இன் சட்டம் வந்தது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த தேசிய ரயில்வேயை மீட்க, ஆள் ஏறாத கிளைப்பாதைகளை வெட்டிவிட முடிவு செய்தார்கள். 83 பாதைகள், 3,100 கிலோமீட்டருக்கு மேல், பட்டியலில் ஏறின. தடாமிக்கு வடக்கே சில மலைகள் தள்ளி நிச்சூ பாதை என்று ஒன்று இருந்தது, 11.6 கிலோமீட்டர். நிச்சூ என்ற ஒலிக்கு ஜப்பானியத்தில் பகல் என்றும் பொருள் வரும். காலையும் மாலையும் மட்டுமே வண்டி விட்டதால், பகலில் ஓடாத பகல் பாதை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1984-இல் அதை மூடினார்கள். தண்டவாளம் கிடந்த தடத்தில் இன்று கிதகதா நகரத்தில் தொங்கும் செர்ரி மரங்கள் வரிசையாகப் பூக்கின்றன.

பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் தடாமி பாதையும் அப்படி ஒரு செர்ரித் தோப்பாகியிருக்கும். சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடத் தகுந்த சாலை இல்லாத இடத்தில் ரயிலை நிறுத்தக் கூடாது. 252-ஆம் நெடுஞ்சாலை பனிக்காலத்தில் பூட்டிக் கிடந்தது. அதனால் பாதை தப்பியது. ஊரை ஆறு மாதம் சிறைவைத்த பனி, அதே ஊருக்கு ரயிலை மீட்டுக் கொடுத்த கணக்கு இது.

அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகள் அமைதியானவை. பள்ளிப் பிள்ளைகள் பாங்கேவுக்கும் வகாமட்சுவுக்கும் போனார்கள். வயதானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தேசிய ரயில்வே 1987-இல் பிரிக்கப்பட்டு, இந்தப் பாதை ஜே.ஆர். கிழக்கு என்ற நிறுவனத்திடம் வந்தது. 1970-களின் இறுதியில் தயாரான கிஹா 40 வகை டீசல் பெட்டிகள், நின்று மூச்சு வாங்குவது போல உறுமிக்கொண்டு ஏறின. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க, நிலைய அதிகாரி ஓட்டுநர் கையில் டோக்கன் வளையத்தைக் கொடுத்து வாங்கும் முறை இந்தப் பாதையில் 2012 வரை இருந்தது. பனி பெய்யும் காலையில் சீருடைக்காரர் ஒருவர் தோளில் அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு நடைமேடையில் காத்திருப்பார். கணினித் திரையில் ஒரு பச்சை விளக்கு செய்யும் அதே வேலைதான். ஆனால் அதற்கு அந்த நிலையத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நவீனமும் ஒரு நிலையத்திலிருந்து ஒரு மனிதரை எடுத்துக்கொண்டுதான் வந்தது.

2011 மார்ச் 11-ஐ ஃபுகுஷிமா என்ற பெயரிலிருந்து இனி யாரும் பிரிக்க முடியாது. நிலநடுக்கம், கடல், அணு உலை. தடாமி கடலிலிருந்தும் உலையிலிருந்தும் மிகத் தொலைவு, நடுவே மலைத்தொடர்கள். ஆனால் நாலு மாதம் கழித்து, ஜூலை 29, 30 தேதிகளில், அதன் முறையும் வந்தது. நீகாட்டாவிலும் மேற்கு ஃபுகுஷிமாவிலும் கொட்டிய மழையில் தடாமி ஆறு பெருகி, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது பாலங்களைச் சிதைத்து இழுத்துக்கொண்டு போனது. அணைகளில் படிந்த வண்டல்தான் வெள்ளத்தை ஏற்றியது என்று ஊர்க்காரர்கள் சிலர் அணை நடத்தும் நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

மற்ற இடங்களைச் சரிசெய்தார்கள். சுரங்கம் இருக்கும் தடாமி–ஓஷிரகாவா துண்டு 2012 அக்டோபரில் மீண்டும் ஓடியது. நின்றுபோனது கவாகுச்சிக்கும் தடாமிக்கும் நடுவே உள்ள 27.6 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சிமெண்ட்டுக்காகப் போட்ட அதே துண்டு.

வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டுக் கணக்கில் அந்தத் துண்டின் பயணி அடர்த்தி, ஒரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 49 பேர். 2009-இல் டிக்கெட் வருமானம் சுமார் 50 லட்சம் யென். செலவு 33 கோடி யென்னைத் தாண்டியது. பாலங்களைத் திரும்பக் கட்ட 800 கோடி யென்னுக்கு மேல் ஆகும் என்றார்கள். பேருந்தே போதும் என்று ஜே.ஆர். கிழக்கு சொன்னது. அந்த வாதத்தைத் தூக்கி எறிந்துவிட முடியாது. இந்தத் துண்டை ஒட்டிப் போகும் சாலை, கணவாய்ச் சாலை போலப் பூட்டப்படுவதில்லை; பனிக்காலத்திலும் வழித்து வைத்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் மாற்றுப் பேருந்து ஓடத்தான் செய்தது. 49 பேரை ஏற்றிப் போகப் பாலம் எதற்கு என்று கேட்பவர் ஊருக்கு எதிரி அல்ல.

நான் பாலத்தின் பக்கம் நிற்கிறேன். காரணம் அந்தக் கணக்கின் தொடக்கம் எங்கே என்பது. வரவையும் செலவையும் 2009-இலிருந்து எழுதினால் தடாமி கடன்காரன். 1957-இலிருந்து எழுதினால், இந்தத் தண்டவாளத்தில் போன சிமெண்ட்டில் எழுந்த அணை தலைநகரத்துக்குக் கொடுத்த வெளிச்சத்தையும், ஊர் கொடுத்த பிள்ளைகளையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும். பேருந்து பயணியை ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் வரைபடத்தில் கோடு போடாது. நடுவில் 27.6 கிலோமீட்டர் அறுந்தால் மீதி இரு முனைகளும் முட்டுச்சந்துகள். முட்டுச்சந்தை மூட அடுத்த வெள்ளம் கூடத் தேவையில்லை.

ஃபுகுஷிமா மாகாணமும் ஐசுப் பகுதி ஊர்களும் ஏறக்குறைய அப்படித்தான் கணக்குப் பார்த்தன என்று நினைக்கிறேன். 2017 ஜூனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் துண்டின் தண்டவாளமும் பாலமும் நிலையமும் மாகாணத்தின் சொத்து. பராமரிப்புச் செலவு அவர்களுடையது. வண்டியை மட்டும் ஜே.ஆர். கிழக்கு ஓட்டும். லாபத்தில் இருக்கும் நிறுவனத்தின் பாதைக்கு மத்திய அரசு மானியம் தர அதுவரை வழியில்லை. 2018-இல் சட்டத்தையே திருத்தி வழி செய்தார்கள். புதிய ஆறாவது, ஏழாவது பாலங்களில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிய எஃகுச் சட்டத்தை மேலே தூக்கிவிட்டார்கள். ஆறு இன்னொரு முறை பெருகினால் போக இடம் இருக்கட்டும் என்று.

2022-ஐ தடாமி மறக்காது. அந்த ஆண்டு வசந்தத்தில், ஊரின் சின்னஞ்சிறு அரசு மேல்நிலைப் பள்ளியின் பேஸ்பால் அணி கோஷியென் மைதானத்தில் இறங்கியது. ஜப்பானில் பள்ளிப் பையன்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. தடைகளைத் தாண்டி வரும் பள்ளிகளுக்கென்று ஒதுக்கும் இடத்தில் அழைக்கப்பட்ட அணி. ஆட்டக்காரர்கள் 13 பேர்தான். மைதானம் பனிக்குள் புதைந்து கிடக்க, பனிக்காலம் முழுக்க உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பந்து பிடித்துப் பழகியவர்கள். 1-6 என்று தோற்றார்கள். எடுத்த அந்த ஒரு ரன்னை ஊர் கொண்டாடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடிவிடுமோ என்று பயந்து, 2002 முதல் வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி அது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, 11 ஆண்டுகளுக்குப் பிறகு, வண்டி அந்த 27.6 கிலோமீட்டரைக் கடந்தது. வயல் ஓரங்களிலும் வீட்டு வாசல்களிலும் மக்கள் நின்று கையசைத்தார்கள்.

கையசைப்பது இங்கே ஊர் வழக்கம் மட்டும் அல்ல, ஊர் விதியும் கூட. தடாமி பாதையின் வண்டியைப் பார்த்து எல்லோரும் கையசைப்போம் என்று தடாமி ஊர்மன்றம் ஒரு விதியே நிறைவேற்றியிருக்கிறது. தண்டனை கிடையாது, கட்டாயம் கிடையாது. விருந்தினர் வரும்போது திண்ணையிலிருந்து எழுந்து நிற்பதை எழுத்தில் வைத்தது போல.

அந்தத் திண்ணைகளில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்றால், 2020 கணக்கெடுப்பில் தடாமியில் சுமார் 4,000. பத்தாயிரம் பேர் இருந்த கனெயாமாவில் 2,000-க்கும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். கிஹா 40 போய் 2020-இல் இருந்து கிஹா ஈ120 வகைப் பெட்டிகள் ஓடுகின்றன. ஓட்டுநர் ஒருவர்தான், இறங்கும்போது கட்டணமும் அவரிடமே. கவாகுச்சிக்கும் தடாமிக்கும் இடையே நாளைக்கு மூன்று முறை போகிறது, மூன்று முறை வருகிறது. காலையில் தவறவிட்டால் மதியம் கடந்தும் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அக்டோபர் கடைசியில் இலைகள் சிவக்கும்போது, பாதை மீண்டும் திறந்த புதிதில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு போனார்கள். மிஷிமாவின் முதல் பாலத்துக்கு மேலே உள்ள மலைப்பாதையில், வண்டி வரும் நேரத்துக்கு முன்பே முக்காலிகள் வரிசை கட்டும். தைவானிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர். இதில் கனெயாமாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஹோஷி கென்கோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்டில் ஏறக்குறைய 300 நாள் இந்த ஒரே பாதையைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டியவர் அவர். கோடைக் காலையில் குளிர்ந்த ஆற்றின் மேல் மூடுபனி எழும் நேரத்தில் போகும் படகுத் துறையை உயிர்ப்பித்ததும் அவர் முயற்சிதான். அந்தத் துறையின் எதிர்க்கரையில் இருந்த மிஃபுகே கிராமம் மலைச்சரிவு ஆபத்தால் 1964-இல் காலி செய்யப்பட்டது. ஆள் இல்லாத கரைக்குப் போகும் படகில் இன்று பயணிகள் ஏறுகிறார்கள். அணை நீருக்குள் போன தகோகுரா கிராமத்தின் பெயரிலும் ஒரு நிலையம் இருந்தது. பனிக்காப்புக் கூரைக்குள் ஒளிந்த நிலையம். சுற்றி ஒரு வீடு இல்லை. மலை ஏறுகிறவர்கள் மட்டும் கோடையில் இறங்குவார்கள். 2013 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். இன்று வண்டி அங்கே நிற்காமல் சுரங்கத்துக்குள் நுழைகிறது.

பனியும் வேடம் மாறிவிட்டது. அன்று யாரும் பனியைப் பார்க்க வரவில்லை; பனியிலிருந்து தப்பிக்க நினைத்தார்கள். இன்று வெள்ளைப் பள்ளத்தாக்கின் நடுவே பச்சைப் பெட்டி ஊர்ந்து போகும் படத்துக்காகக் கடல் தாண்டி வருகிறார்கள். அடைபட்ட வீடுகளில் பின்னிய கூடை 2003-இல் நாட்டின் மரபுக் கைவினை என்று அறிவிக்கப்பட்டு, நல்ல விலைக்குப் போகிறது. மாறாதது பனியின் கனம் மட்டும். கூரை ஏற வேண்டியவருக்கு இப்போது எழுபது வயது, எண்பது வயது. கொட்டித் தீர்க்கும் பனிக்காலங்களில், எந்தக் கணவாய்க்காக இந்த ரயிலைக் காப்பாற்றினார்களோ அதே தடாமி–ஓஷிரகாவா துண்டை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். சாலை பூட்டு, தண்டவாளமும் பூட்டு. இயந்திரங்கள் அன்றைவிடப் பலசாலிகள்தான். ஆனால் அன்று பனி வழிக்க மண்வெட்டியோடு வர ஊரில் ஆள் இருந்தது. எண்பது ரிக் கணவாய்ப் பக்கமாகப் புதிய நெடுஞ்சாலை ஒன்றைச் சுரங்கங்கள் குடைந்து பல பத்தாண்டுகளாகக் கட்டி வருகிறார்கள். அது முழுதாகத் திறந்த பின், பனிக்காலத்தில் மாற்று வழி இல்லை என்ற பழைய வாதம் இந்த ரயிலுக்குத் துணைக்கு வராது.

அப்போது படமெடுக்க வருபவர்களின் எண்ணிக்கையைக் காட்டித்தான் ரயில் வேண்டும் என்று கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பயம் இருக்கிறது. முக்காலி வைத்துக் காத்திருப்பவர் பெரும்பாலும் காரில் வருகிறார். வண்டியை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவர் அங்கே ஓர் இரவு தங்கி, கனெயாமாவின் சிவப்புப் பூசணியைச் சாப்பிட்டு, மறுநாள் டிக்கெட் வாங்கி ஏறினால் ஊருக்கு உண்டு. மாகாணம் அதற்காகப் பாடுபடுகிறது, பாடுபடட்டும். ஆனால் கணக்கெழுதும்போது முதல் வரியில் வேறொரு வண்டியை எழுதச் சொல்வேன். கவாகுச்சியிலிருந்து அதிகாலையில் வகாமட்சுப் பக்கம் கிளம்பும் முதல் வண்டி. பிப்ரவரியில் அது கிளம்பும்போது இன்னும் விடிந்திருக்காது. முதல் பாலத்தின் மேல் போகும்போது ஒரு முக்காலியும் இருக்காது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில், புத்தகத்தை மடியில் விரித்தபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர். மருத்துவச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி. காலில் மாட்டிய ரப்பர் பூட்ஸிலிருந்து உருகிய பனி தரையில் ஓடி, வண்டி சரிவில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கமாக வழிந்துகொண்டிருக்கும்.